இடைவெளியுடன் நேரில் வரவும்

பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'அங்க அடையாளங்கள்' என்று அச்சடித்து, அதற்குக் கீழே ஒன்று, இரண்டு என்று எண் போட்டு, இரண்டு கோடு விட்டிருப்பார்கள். பூமியில் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் கூடாமல் குறையாமல் இரண்டே அடையாளம்தான் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியாது. அவன் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பான். கோடுகள் மட்டும் நின்றுவிட்டன.

மணிமொழிக்கு அந்தக் கோடுகள் நிரம்பியது 1997-ஆம் வருஷம், தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். முருகையன் வாத்தியார் அறுபத்திரண்டு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி அடையாளம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு மூன்றரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். மூக்கில் மச்சம், முட்டியில் தழும்பு என்று பளிச்சென்று தெரிந்தவர்கள் சுலபமாகத் தப்பித்தார்கள். மணிமொழியின் வலது மணிக்கட்டில் கறுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. 'வலது மணிக்கட்டில் ஒரு மச்சம்' என்று எழுதிவிட்டார். அது பேனா கக்கிய மை. "சார், அது மை சார்" என்று அவள் மெதுவாகச் சொன்னாள்.

"எழுதியாச்சும்மா. இனிமே அது மச்சம்தான்" என்றார் வாத்தியார்.

இரண்டாவது கோட்டுக்கு ஒன்றும் அகப்படாமல் அவளைச் சிரிக்கச் சொன்னார். பயத்தில் சிரித்தாள். 'மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி' என்று எழுதிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். மச்சம் அன்று சாயங்காலமே சோப்பில் போய்விட்டது. வாத்தியார் பஸ்ஸைப் பிடித்துவிட்டார் என்றுதான் கேள்வி.

அந்த இடைவெளி அவளுக்கு அம்மா கொடுத்தது. வெள்ளையம்மாளுக்கும் அதே இடத்தில் அதே அகலத்தில் ஒரு சந்து. அதில் காற்றை விட்டு 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் ஓசை எழுப்புவாள். கோழிகள் எங்கே மேய்ந்துகொண்டிருந்தாலும் ஓடி வரும். கடலைக்கொல்லையில் களை எடுக்கும்போது புருஷன் இராமலிங்கத்தைக் கூப்பிடுவதும் அதே ஓசையில்தான். அவரும் கோழிகளுக்குப் பிந்தாமல் வந்து நிற்பார். தாயும் மகளும் சேர்ந்து சிரித்தால் ஒரே அச்சு என்று தெருவில் சொல்வார்கள்.

வெள்ளையம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. மகளின் சாதிச் சான்றிதழுக்காக ஒரு முறை திருவண்ணாமலையில் ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, சுற்றுகிற ஃபேனுக்குக் கீழே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. காலையிலிருந்து நின்றதில் கால் கடுத்துப்போய் அதில் உட்கார்ந்தாள். முழுசாக உட்காருவதற்குள் பியூன் ஓடிவந்து எழுப்பிவிட்டான். அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்ததும், "நீ படிச்சு அந்த மாதிரி நாற்காலியில உக்காரணும்டி மணி. உன்னை ஒருத்தரும் எழுப்பக் கூடாது" என்றாள். அதைத் தவிர வேறெதையும் அவள் அண்ணாமலையாரிடம்கூடக் கேட்டதில்லை.

2006 ஆடியில் மஞ்சள்காமாலை வந்து பதினோராம் நாள் அவள் போய்விட்டாள். சுமங்கலி என்பதால் அரக்குப் புடவை கட்டி, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசை ஒட்டி அனுப்பிவைத்தார்கள். அதற்குப் பிறகு மணிமொழி சிரித்தால் இராமலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு நாள் சோற்றில் கையை வைத்துக்கொண்டே, "அப்படிச் சிரிக்காதம்மா. என்னால தாங்க முடியல" என்றார். அவளுக்கு அழுகை வந்தது. அதையும் வாயைப் பொத்திக்கொண்டுதான் அழுதாள்.

அப்போது அவள் ரமணாசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதி ஒன்றில் வரவேற்பு மேசையில் இருந்தாள். அரசு வேலைக்கான தேர்வுகளையும் எழுதிக்கொண்டிருந்தாள். விடுதிக்கு எதிரே புதிதாகப் பல் ஆஸ்பத்திரி திறந்த டாக்டர் அருணாதேவி அவளைக் கவனித்தார். வாயைக் கையால் மூடிக்கொண்டு பேசுகிற பெண்ணை எந்தப் பல் டாக்டர்தான் சும்மா விடுவார்? கம்பி கட்ட வேண்டாம், கண்ணுக்கே தெரியாத தட்டுகள் வந்திருக்கின்றன, அலைனர் என்று பெயர், இந்த ஊரில் முதல் ஆளாக நீ போட்டுக்கொள், வாசல் போர்டில் உன் படத்தைப் போடச் சம்மதித்தால் அதுவே போதும் என்றார்.

வாயை அச்சு எடுத்து எங்கேயோ அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே கண்ணாடியாட்டம் பன்னிரண்டு தட்டுகள், ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் ஓர் எண். ஒன்றாம் தட்டில் சந்து ஏறக்குறைய அப்படியே இருந்தது. பன்னிரண்டில் இல்லவே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு தட்டு. சாப்பிடும் நேரமும் பல் தேய்க்கும் நேரமும் போக மற்ற நேரமெல்லாம் அது வாயில் இருக்க வேண்டும். கழற்றிய தட்டுகளைத் தூக்கிப்போட மனசு வராமல், அம்மா விதைக்கடலை போட்டுவைத்த தகர டப்பாவில் போட்டுவைத்தாள். டப்பாவை நகர்த்தினால் உள்ளே யாரோ பல்லைக் கடிப்பதுபோலச் சத்தம் வரும்.

2007 கார்த்திகைக்குள் சந்து மூடிவிட்டது. தூங்கும்போது ரிடெய்னர் என்று இன்னொரு தட்டைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். "பல்லுக்குத் தன்னோட பழைய எடம் ஞாபகம் இருக்கும் மணிமொழி. விட்டா திரும்பிப் போயிடும்." ஆஸ்பத்திரி வாசலில் பெரிய போர்டு ஏறியது. இடது பக்கம் சந்தோடு சிரிக்கும் மணிமொழி, அடியில் 'முன்'. வலது பக்கம் சந்தில்லாத மணிமொழி, அடியில் 'பின்'.

அப்பாவுக்காகத்தான் செய்தாள். அவர் எதிரில் போய் நின்று சிரித்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தைத் திருப்பாமல் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "இப்ப யாரு மாதிரியும் இல்ல" என்று சொல்லிவிட்டு மாட்டைக் கட்டப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சே கம்மியாகிவிட்டது.

2008 பங்குனியில் அவள் தேர்வில் தேறிய செய்தி வந்தது. இளநிலை உதவியாளர். வேலை, மாவட்டச் சான்று மெய்ப்பு அலுவலகத்தில். சேருவதற்கு முன் அதே அலுவலகத்தில் தன் சான்றுகளைக் காட்டி, தான் தான்தான் என்று மெய்ப்பிக்க வேண்டும். இப்படி ஓர் அலுவலகத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டதில்லை என்றால் பாக்கியம் செய்தவர்கள். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு பழைய சத்திரம். அதன் மாடியில் இருக்கிறது. கீழே பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஜனங்கள் மலையைச் சுற்றுவார்கள். மேலே வருஷம் முழுக்கக் கோப்புகள் சுற்றும். ஜனங்களாவது விடிவதற்குள் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள்.

மூன்றாவது மேசை காலியாக இருந்தது. மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அதுதான் அவளுடைய நாற்காலி என்று பிரிவு உதவியாளர் சுரேஷ்குமார் நல்ல மனசோடு காட்டினார். பிறகு அவளுடைய வலது மணிக்கட்டைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அது மை என்று அவள் விஷயத்தைச் சொன்னதும், 'மச்சம் மையாக மாறிவிட்டதாக மனுதாரர் கூற்று' என்று எழுதிக்கொண்டார். அடுத்து சிரிக்கச் சொன்னார். சிரித்தாள். சான்றிதழைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், பேனாவை மூடிவிட்டுக் கண்காணிப்பாளரைக் கூப்பிட உள்ளே போனார்.

கண்காணிப்பாளர் அப்பாசாமிக்கு முப்பத்தொரு வருஷ சர்வீஸ். ஒரு மனிதரையும் நேராகப் பார்க்காமல் முப்பத்தொரு வருஷத்தை ஓட்டியவர். அன்றும் அவர் சான்றிதழைப் பார்த்தபடியேதான் பேசினார்.

"பாரும்மா, மனுஷன்னா மாறுவான். எளைப்பான், ஊதுவான், நரைப்பான், ஒரு நாள் செத்தும் போவான். அவனை நம்பி ஒரு நிர்வாகம் நடத்த முடியுமா? சான்றிதழ் மாறாது. அதனால நாங்க சான்றிதழைத்தான் ஆளா எடுத்துக்குவோம். ஆளை அதுக்கு ஒரு இணைப்பா வெச்சுக்குவோம். உங்க விஷயத்துல இணைப்பு ஒத்துவரல."

பிறகு ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். எதிரே மலை நின்றது. "யுகம் யுகமா நிக்குது. ஒரு அடையாளம் மாறிச்சா? அண்ணாமலையாரே மாத்திக்கல. நீ யாரும்மா மாத்தறதுக்கு?"

கீழ்பென்னாத்தூரிலிருந்து பார்த்தால் ஒரு மலை, இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் வேறொரு மலை என்று அவளுக்குத் தோன்றியது.

வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, கல்லூரி அட்டை எல்லாம் கொண்டுபோனாள். எல்லாப் படத்திலும் வாய் மூடியிருந்தது. மூடிய வாய்க்குள் இடைவெளி இருந்ததா இல்லையா என்று அலுவலகம் ஊகிக்க முடியாது என்றார்கள். அப்பாவை அழைத்துக்கொண்டு போனாள். அவரை நிற்கவைத்தே அப்பாசாமி இரண்டு கேள்வி கேட்டார். உங்கள் மகளுக்கு முன்பல்லில் சந்து உண்டா? உண்டுங்க, அவங்கம்மா மாதிரியே. இந்தப் பெண்ணுக்கு இருக்கிறதா? இப்ப இல்லீங்க. ஆகவே இந்தப் பெண் தன் மகள் அல்ல என்பது தந்தையின் வாக்குமூலத்தாலேயே தெளிவாகிறது என்று எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். இராமலிங்கம் மூன்று முறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். படித்ததில் தப்பு எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் மகளுக்குப் பக்கத்தில் உட்காராமல் ஒரு சீட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

வேலை போனால் போகட்டும் என்று இருந்தவளுக்கு அந்த ஒரு சீட்டுதான் பொறுக்கவில்லை. எப்படியாவது இதை முடித்துக்கொடுங்கள் என்று அலுவலகத்தின் முன்னால் போய் நின்றாள்.

கள ஆய்வு நடந்தது. ஜீப்பில் நாலு பேர் பல் ஆஸ்பத்திரிக்கு வந்து போர்டின் எதிரே நின்றார்கள். அப்பாசாமி சான்றிதழைத் தூக்கிப் பிடித்து 'முன்' படத்தோடு ஒத்துப்பார்த்தார். முகத்தில் நிம்மதி வந்தது. இவங்கதான் மணிமொழி, இவங்க இப்ப எங்க இருக்காங்க என்று டாக்டரைக் கேட்டார். இரண்டும் ஒரே ஆள்தான் என்றார் டாக்டர்.

"ஒரே ஆளுன்னா எதுக்கு டாக்டர் ரெண்டு படம்?"

எடுத்த இடைவெளியை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. பல்லைப் பிடுங்கினால் பாட்டிலில் போட்டுத் தருவார்களே, அந்த மாதிரி. டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இடைவெளி பன்னிரண்டு தட்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது, தட்டுகள் அந்தப் பெண்ணிடமே இருக்கின்றன, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் போட்டிருக்கிறது என்றார். எண் என்று கேட்டதும் அப்பாசாமி நிமிர்ந்தார். எண்ணிட்ட பொருளை அவர் மதித்தே பழக்கம்.

பத்தாம் நாள் ஆணை வந்தது. 'மனுதாரர் தாமே குறைத்துக்கொண்ட இடைவெளியை, குறைத்த அதே வரிசையில் பின்னோக்கி, தட்டு எண் பன்னிரண்டு முதல் ஒன்று வரை, இரு வாரத்துக்கு ஒன்று வீதம் அணிந்து மீட்டு, ஒவ்வொரு முறையும் அளவீட்டுக்கு ஆஜராகி, முடிவில் இடைவெளியுடன் நேரில் வரவும்.' சட்டப்படி மறுபக்கமும் பார்க்க வேண்டும் அல்லவா? அதனால் அலுவலக வாசலில் இன்னோர் அறிவிப்பையும் ஒட்டினார்கள். 'மேல் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி உள்ள மணிமொழி என்பவர், எங்கிருந்தாலும் இவ்வலுவலகம் வந்து பணியில் சேரலாம்.'

எங்கிருந்தாலும் என்று எழுதினார்கள். யோசிக்காமல் எழுதினார்கள்.

டாக்டர் அருணாதேவிக்கு முகம் தொங்கிவிட்டது. தானே மூடியதைத் தானே திறப்பதா என்றார். ஆனால் அவசரப்படாமல் தட்டு தட்டாகத் திரும்பினால் பல்லுக்குக் கெடுதல் இல்லை என்று ஒத்துக்கொண்டார். ஆடி மாதம் மணிமொழி தகர டப்பாவைத் திறந்து பன்னிரண்டாம் தட்டை எடுத்தாள்.

இடைவெளியை அளக்க அலுவலகத்தில் கருவி இல்லை. கோப்புத் தாள்களைக் கோத்துக் கட்டுகிற டேக் இருந்தது. வெள்ளைக் கயிறு, இரண்டு முனையிலும் தகரம். அந்தத் தகர முனை பல்சந்தில் நுழைந்து வெளியே வந்தால் இடைவெளி உண்டு, இல்லையென்றால் இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அவள் வாயைத் திறந்துகொண்டு நிற்க, சுரேஷ்குமார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு டேக்கை வைத்துப் பார்ப்பார். ஆறாம் தட்டின்போது முனை பாதி நுழைந்து சிக்கிக்கொண்டது. அன்றைக்கு அவளைப் பாதி மணிமொழியாகப் பதிந்துகொண்டார்கள். பாதி ஆளுக்கு நாற்காலி தர விதியில் வழி இல்லை என்பதால், ஃபேனுக்குக் கீழே இருந்த அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.

வீட்டில் வேறு விதமான கணக்கு நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் தட்டு போட்ட வாரத்தில் ஒரு நண்பகல், கோழிகள் எல்லாம் திடீரென்று கொல்லையிலிருந்து வாசலுக்கு ஓடி வந்து, தலையைத் தூக்கிக்கொண்டு நின்றன. வாசலில் யாரும் இல்லை. ஏழாம் தட்டின்போது மாட்டுக்கொட்டகையிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது: "தோ வந்துட்டேன் வெள்ளையம்மா." சொல்லிவிட்டு அவர் அப்படியே வைக்கோலும் கையுமாக நின்றார். மகள் பார்ப்பதைப் பார்த்தார். அன்று சாயங்காலம் அவர் ரொம்ப நாளைக்குப் பிறகு சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டார்.

நாலாம் தட்டில் அவள் கண்ணாடி முன்னால் சிரித்துப் பார்த்தாள். அவள் சிரிப்பை நிறுத்தின பிறகும் கண்ணாடியில் சிரிப்பு கொஞ்ச நேரம் இருந்தது. அடுப்படிக்கு ஓடிவிட்டாள். அடுப்படியில் தண்ணீர் சொம்பு இடம் மாறி, அம்மா வைக்கிற மூலையில் இருந்தது. பயமாகத்தான் இருந்தது. இது நின்றுவிடுமோ என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. இரண்டாம் தட்டுக்கெல்லாம் அப்பா, மகள், ஓசை என்று வீட்டில் மூன்று பேர் ஆகிவிட்டார்கள். இராமலிங்கம் சாப்பிடும்போது எதிர்ச் சுவரைப் பார்த்துக் குழம்பில் உப்பு ஜாஸ்தி என்பார். 'ஸ்ஸ்' என்று ஒரு பதில் வரும். அவர் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டு முடிப்பார். மகளைப் பார்க்கும்போது இப்போது முகம் திரும்பவில்லை.

ஒன்றாம் தட்டு போட்டு இரண்டாவது வாரம், மார்கழியில் ஒரு திங்கட்கிழமை, ஓசை நின்றுவிட்டது. கோழிகள் கூப்பிட ஆளில்லாமல் கொல்லையிலேயே நின்றன. இராமலிங்கம் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. "எங்கடி போயிட்டா?" என்று மகளைக் கேட்டார்.

வெள்ளிக்கிழமை கடைசி அளவீடு. சான்றுகள் மொத்தத்தையும் பையில் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். சுரேஷ்குமார் டேக்கை வைத்தார். முனை தடையில்லாமல் நுழைந்து மறுபக்கம் வந்தது. அவருக்கு அவளைவிட சந்தோஷம். பதிவேட்டைப் பிரித்தவர், அப்படியே கையை நிறுத்தினார்.

"ஆனா மணிமொழி திங்கக்கெழமையே வந்து ஜாயின் பண்ணிட்டாங்களே."

அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது மேசையில், ஃபேனுக்குக் கீழே, அந்த நாற்காலியின் நுனியில், அம்மா உட்கார்ந்திருந்தாள். அனுப்பிவைத்த அன்று கட்டிய அரக்குப் புடவை. நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு. எதிரே மூன்று கோப்புகள். மகளைப் பார்த்ததும் கூச்சத்தோடு சிரித்தாள். சந்து தெரிந்தது.

மணிமொழி ஓர் அடி முன்னால் போனாள். மேசையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாசாமி வந்து, அலுவலகம் தன் கடமையை எவ்வளவு ஒழுங்காகச் செய்தது என்பதை விளக்கினார். அறிவிப்பைப் பார்த்து வந்திருக்கிறார். பெயரைக் கேட்டதற்குச் சிரித்திருக்கிறார். சிரித்ததில் இடைவெளி ஒத்துவந்தது. டேக்கும் போட்டுப் பார்த்தார்கள். வலது மணிக்கட்டில் கறுப்புப் புள்ளியும் இருந்தது. படிவத்தில் கைநாட்டு வைக்கும்போது மைப்பெட்டியில் கை பட்டிருக்கும் என்று மணிமொழிக்குப் புரிந்தது. பட்டதாரி கைநாட்டு வைக்கலாமா என்றால், கூடாது என்று எந்த ஆணையும் இல்லை. வயது? பிறந்தது 1981 ஜூன் என்று சான்றிதழில் இருக்கிறது. அதன்படி அவருக்கு இருபத்தேழுதான்.

"நெத்தியில காசு ஒட்டியிருக்கே சார்" என்றாள் மணிமொழி.

"இருக்கு. சான்றிதழ்ல ரெண்டு அடையாளம்தாம்மா கேட்டிருக்கு. மூணாவது அடையாளத்தைப் பாக்க எனக்கு அதிகாரம் இல்ல."

வேலையும் நன்றாகச் செய்கிறாராம். படிக்கத் தெரியாததால் எந்தக் கோப்பிலும் அவர் குறை கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பிரிவில் கோப்புகள் நகர்ந்தது அதுவே முதல் தடவை. அடுத்த ஆளைக் கூப்பிட 'ஸ்ஸ்' என்பார்; ஜனங்கள் உடனே எழுந்து வந்துவிடுகிறார்கள்.

ஆனாலும் அலுவலகம் நியாயம் தவறாது. இடைவெளியோடு இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள், பணியிடம் ஒன்று. ஆட்சேபணை இருந்தால் தாராளமாகச் சொல்லலாம்.

"அவங்க மணிமொழி இல்லன்னா, யாருன்னு காட்டுங்க. ஒரே ஒரு தாள் போதும். அந்த நிமிஷமே அவங்களை அனுப்பிட்டு உங்களை உக்கார வெச்சிடறேன்."

அந்தத் தாள் அவள் பையில் இருந்தது. வெள்ளையம்மாள், கணவர் பெயர் இராமலிங்கம், இறந்த தேதி, முத்திரை. கையை விட்டாள். மடித்த காகிதம் விரலில் பட்டது. பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து, எழுதிய தேர்வுகள், ஆறு மாதம் வாயைத் திறந்துகொண்டு நின்றது எல்லாம் அந்த நாற்காலிக்காகத்தான். அறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அத்தனை பேரும் பார்ப்பதை வெள்ளையம்மாளும் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு, இரண்டு கையையும் நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றினாள்.

"எழுந்துக்கட்டுமாடி மணி?" என்று கேட்டாள்.

மணிமொழி பையிலிருந்து கையை வெறுமனே எடுத்தாள்.

"நீ உக்காரும்மா."

'நான் மணிமொழி அல்ல' என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மணிமொழி என்றே கையெழுத்துப் போட்டிருந்தாள். அதை ஒருவரும் கவனிக்கவில்லை.

விடுதி வரவேற்பு மேசைக்கே திரும்பிவிட்டாள். வெளிநாட்டுக்காரர்கள் அவளுடைய அங்க அடையாளம் எதையும் கேட்பதில்லை. ரிடெய்னரைப் போடுவதில்லை, வாயைக் கையால் மறைப்பதும் இல்லை. இராமலிங்கம் தினமும் பதினோரு மணி பஸ்ஸில் சாப்பாட்டுக் கேரியரோடு அடி அண்ணாமலைக்குப் போகிறார். துவைத்த சட்டை, நெற்றி நிறைய விபூதி. ஒரு மணிக்கு மாடி ஏறி மூன்றாவது மேசைக்கு எதிரே நிற்பார். 'ஸ்ஸ்' என்றதும் கேரியரைத் திறப்பார். அது காலியாகத்தான் திரும்புகிறது. சாப்பிடுவது சுரேஷ்குமாராக இருக்கலாம். அதை யாரும் மெய்ப்பிக்கப் போகவில்லை.

போன மாதம் ஒரு நாள், இது எத்தனை நாளைக்கும்மா இருக்கும் என்று அவர் மகளைப் பயந்துகொண்டே கேட்டார். அன்று அவளும் கூடப் போயிருந்தாள், திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவள் சான்றிதழில் இருந்த பிறந்த தேதியை வைத்து விரல்விட்டு எண்ணிச் சொன்னாள். ஐம்பத்தெட்டு வயசு நிரம்பும் மாதம், 2039 ஜூன் முப்பதாம் தேதி வரைக்கும். அதுவரை அம்மாவை அந்த நாற்காலியிலிருந்து யாராலும் எழுப்ப முடியாதுப்பா என்றாள். நிரந்தரப் பணி.